சீன மாணாக்கரும் ஆங்கில வாசிப்பும்

வாசித்தல் வேறு; வாசித்தவனைப்போல் விடையளித்தல் வேறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் கல்விக்கூடங்களிற் புகுந்துவிடின், மாணாக்கன் ஆண்டுதோறும் தேறிச் செல்வான்; ஆயினும் ஒரு நூலைத் தனியே எடுத்துப் பொருளுணரும் ஆற்றல் அவனுக்கு வாய்க்காது. சீனமொழி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் ஆங்கில வாசிப்பிற் பயிலும் முறையை எடுத்துக்கொண்டு இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வினாக்கள் வாசகத்திற்கு ஏவல் செய்ய வேண்டுமேயன்றி, வாசகம் வினாக்களுக்கு ஏவல் செய்தல் கூடாது என்பதே எமது கருத்து.

அயல்நாட்டு மாணாக்கரின் பயிற்சியைப் பற்றி நமக்கு என்னை என்று சிலர் வினவக்கூடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாது, அதன் வாயிலாகவே உயர்கல்வியின் பெரும்பகுதியைப் பெறுகின்ற நமக்கு, அதே மலையை மற்றொரு பக்கத்திலிருந்து ஏறுவாரின் அனுபவம் பயன் தராமற் போகாது. அன்றியும், சீனமொழிக்கும் தமிழுக்கும் வாக்கிய அமைப்பில் உள்ள ஓர் ஒற்றுமை இப்பொருளை நாம் எளிதில் உணர்தற்குத் துணை செய்யும். அதனைப் பின்னர்க் காட்டுவாம்.

சீன தேசத்திற் சர்வகலாசாலை புகுவார்க்கு நடைபெறும் பொதுப் பரீட்சையைக் 'காவ்காவ்' என்பர். பல்லாண்டுகள் நின்றுபோயிருந்த அப்பரீட்சை 1977-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நடத்தப்பெற்றபோது, ஏறத்தாழ 57 லட்சம் பேர் எழுதினர். இடம் பெற்றவர் 3 லட்சத்திற்கும் குறைவு. இன்று இடங்கள் மிகப் பெருகியுள்ளன. போட்டியும் அவ்வாறே பெருகியுள்ளது. 2024-ஆம் ஆண்டிற் பதிவு செய்துகொண்டோர் தொகை 1 கோடியே 34 லட்சத்தைக் கடந்தது. ஆங்கிலத் தாளுக்கு 150 மதிப்பெண். காலம் 120 நிமிஷம். பல மாகாணங்களில் வழங்கும் புதுமுறைத் தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண் உண்டு. நான்கு பத்திகளைத் தந்து அவற்றின்மேல் 15 வினாக்கள் விடுக்கின்றனர். வினா ஒன்றுக்கு இரண்டரை மதிப்பெண். ஐந்தாவது பத்தியில் ஐந்து வாக்கியங்களை நீக்கிவிட்டு, கீழே ஏழு வாக்கியங்களைத் தந்து, உரிய ஐந்தைத் தேர்ந்து நிரப்புமாறு பணிக்கின்றனர். மலைநாட்டுக் குடியானவன் மகளுக்கும், ஆலைத் தொழிலாளி மகனுக்கும் இந்தப் பரீட்சையே மேலேறும் ஏணி. ஓர் இரண்டரை மதிப்பெண்ணால் ஒருவன் செல்லும் கலாசாலை மாறும். கலாசாலை மாறின் வாழ்வும் மாறும். ஆதலின் அங்குள்ள மாணாக்கர் விடைக்குப் பதறுவதை நகையாடுதல் எளிது. ஆனால் அது நீதியன்று.

இப்பதற்றத்திற்குத் தக்கவாறே பயிற்சியும் அமைந்துவிட்டது. சீன மாணாக்கரிடையே 'ஷுவா தீ' என்றொரு வழக்குண்டு. 'ஷுவா' என்பது தூரிகையால் தேய்த்தல். 'தீ' என்பது வினா. பாத்திரங்களை அடுக்கிவைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் துலக்கித் தள்ளுவதுபோல் வினாத்தாள்களைத் துலக்கித் தள்ளுதல் என்பது அதன் கருத்து. முதலில் வினாவைப் படித்தல். வினாவிற் கண்ட முக்கியமான சொல்லைப் பத்தியில் தேடுதல். அச்சொல் நிற்கும் வரியை மட்டும் நோக்கல். நான்கு விடைகளுள் அவ்வரியோடு ஒத்ததைக் குறித்தல். பின்னர் அடுத்த வினா. இறுதியில் விடைப் பட்டியலைப் பார்த்துத் திருத்திக்கொண்டு அடுத்த தாளை எடுத்தல். இவ்வாறு நூற்றுக்கணக்கான பத்திகளைக் கடந்து சென்ற மாணாக்கன், அவற்றுள் ஒன்றையேனும் முதலிலிருந்து முடிவுவரை ஓர் ஆசிரியனின் பேச்சாகக் கேட்டிருப்பானா என்பது ஐயமே.

இம்முறை தான் நாடும் பயனையேனும் தருகின்றதா? எளிய வினாக்களுக்குத் தரும். அரிய வினாக்களில் அதுவே கண்ணியாகின்றது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். கடற்கரைக் கிராமம் ஒன்றில் முதியவர் ஒருவர் பழைய படகொன்றைக் கவிழ்த்து, அதன்கீழ் நூல்களை அடுக்கி வைத்தார் என்பது பத்தி. முதலிற் பிள்ளைகள் வந்தது நூல்களை நாடியன்று, நிழலை நாடியே. நிழல் அவர்களை உட்காரச் செய்தது. உட்கார்ந்தவர் கையில் நாளடைவில் நூல் ஏறிற்று. இப்பத்தியின் கருத்து யாது என்பது வினா. விடைகள் நான்கு: கடற்கரைக் கிராமங்களுக்கு நூல்நிலையம் தேவை, பழைய படகுகளை வீணாக்குதல் தகாது, பிள்ளைகள் நிழலை விரும்புவர், நல்ல பழக்கம் எதிர்பாராத வாயிலாலும் நுழையும். முதல் மூன்றிலும் பத்தியின் சொற்கள் உள்ளன; உரிய விடையாகிய நான்காவதில் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. சொல்லை வேட்டையாடுபவன் முதல் மூன்றில் ஒன்றிற் சிக்குவான்; பத்தியைப் படித்தவனே நான்காவதை அடைவான். வினா அமைப்போர் இதனை நன்கறிவர். பொய்விடைக்குப் பத்தியின் சொற்களை அணிவித்தலும், மெய்விடையை வேறு சொற்களால் மூடுதலும் அவர்தம் தொழிலிற் பழகிய முறைகள்.

இனி, சீன மாணாக்கனுக்கு ஆங்கில வாசகத்தில் உண்மையாக நேரும் இடர்கள் எவை என்பதை நோக்குவோம். முன்னர்க் குறித்த ஒற்றுமை இங்கே பயன்படும். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்கிறோம் நாம். சீனரும் 'வோ ட்சுவோதியன் மாய் த ஷூ' என்பர். 'வோ' நான், 'ட்சுவோதியன்' நேற்று, 'மாய்' வாங்குதல், 'த' என்பது அடையைப் பெயரோடு இணைக்கும் இடைச்சொல், 'ஷூ' புத்தகம். சொல்லுக்குச் சொல் நமது வரிசையே! அடைமொழிகள் யாவும் முன்னே அணிவகுத்துச் செல்ல, பெயர் இறுதியில் வந்து அமர்கின்றது. ஆங்கிலமோ புத்தகத்தை முதலில் நிறுத்தி, அதன்பின் 'விச் ஐ பாட் எஸ்டர்டே' என்று தொடர்கின்றது. சிறு வாக்கியத்தில் இதனால் இடர் இல்லை. ஆனால் எழுவாய் ஒரு வரியில் நிற்க, அதனைப் பற்றிய அடைத்தொடர்கள் இரண்டு வரிகள் ஓடி, நான்காம் வரியிற் பயனிலை தோன்றும் வாக்கியத்தில், பெயரை மனத்திற் பிடித்துக்கொண்டு வினைக்குக் காத்திருக்கப் பழகாத மாணாக்கன், இடையில் வந்த வேறொரு வினையைப் பற்றிக்கொண்டு பொருளைத் திரித்துக்கொள்கிறான்.

இரண்டாவது இடர் வினைச்சொற்களைப் பற்றியது. சீனத்தில் வினை காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை. வாங்கினான், வாங்குகிறான், வாங்குவான் ஆகிய மூன்றிற்கும் 'மாய்' ஒன்றே. 'நேற்று', 'நாளை' போன்ற சொற்களும் சில இடைச்சொற்களும் குறிப்பை உணர்த்தும். ஆகவே ஆங்கிலக் கதையில் எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பதை வினையின் உருவமே காட்டும் இடங்களில் சீன மாணாக்கனின் கண் நில்லாது ஓடிவிடுகின்றது. 'ஹீ டிட் நாட் லீவ் அன்டில் தி ரெயின் ஸ்டாப்ட்' என்னும் வாக்கியமும் அத்தகையதே. இதனை நாம் 'மழை நின்ற பின்னரே அவன் சென்றான்' என உடன்பாடாகக் கூறுவோம். சீனரும் உடன்பாடாகவே கூறுவர். ஆங்கிலத்திலோ எதிர்மறைச் சொல் முன் நிற்கின்றது. அதனை மட்டும் கண்டவன், அவன் செல்லவேயில்லை என்று முடிவு கட்டுவான்.

மூன்றாவது இடர் இணைப்புச் சொற்களால் வருவது. சீனத்தில் 'யின்வெய்' எனத் தொடங்கின் 'ஸுவோயீ' எனத் தொடர்வதும், 'ஸுய்ரான்' எனத் தொடங்கின் 'தான்ஷீ' எனத் தொடர்வதும் பெருவழக்கு. காரணத்திற்கு ஒரு சொல், விளைவிற்கு ஒரு சொல். உடன்படுதற்கு ஒரு சொல், மறுத்தற்கு ஒரு சொல். ஆங்கிலம் இவ்விரட்டைகளில் ஒன்றையே ஏற்கும். இரண்டு கைகாட்டிகளுக்குப் பழகிய வழிப்போக்கன், ஒன்று மட்டும் நிற்கும் திருப்பத்தைக் காணாமற் கடந்து செல்வது இயல்பு. ஆங்கில வாசகத்தில் ஆசிரியனின் உட்கருத்துப் பெரும்பாலும் அத்திருப்பத்தின் அப்பாலேயே இருக்கும்.

நான்காவது, சொற்களைப் பட்டியலாக நெட்டுருச் செய்யும் வழக்கம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனனம் செய்தவன் 'அட்ரஸ்' என்றால் விலாசம் என்றும், 'கம்பெனி' என்றால் வாணிக நிறுவனம் என்றும் அறிவான். ஒரு குறையை 'அட்ரஸ்' செய்தல் என்பதையும், நண்பரின் 'கம்பெனி' என்பதையும் காணும்போது, அறிந்த சொல்லே அறியாத முகத்தைக் காட்டுகின்றது. பழகிய சொல்லின் பழகாத பொருள் என்றே இவ்விடருக்குச் சீன ஆசிரியர் ஒரு பெயர் வழங்குகின்றனர்.

இந்நான்கு இடர்களுள் எதனை விடைப் பட்டியல் தீர்க்கும்? உரிய விடை மூன்றாவது என்று அது கூறும். தவறியவன் எழுவாயைத் தவறவிட்டானா, திருப்பத்தைத் தவறவிட்டானா, சொல்லின் பொருளைத் தவறவிட்டானா என்று கூறாது. நோயை ஆராயாது நாடோறும் உடற்சூட்டை மட்டும் அளந்துகொண்டிருந்தால் நோய் நீங்குமா? ஆயிரம் வினாக்களை எழுதிய பின்னும் ஒரே பிழையைச் செய்யும் மாணாக்கர் இதனாலேயே உளர்.

இதனைக் கடிதற்கு மேனாட்டுக் கல்வி நூல்களைத் தேடவேண்டியதில்லை. சீனரின் பழைய நூன்மரபே இடித்துரைக்கின்றது. 1905-ஆம் ஆண்டில் நீக்கப்பெற்ற அரசாங்கப் பரீட்சைகளில், எட்டுறுப்புக் கட்டுரை என்றொரு கட்டுக்கோப்பான வடிவம் சில நூற்றாண்டுகள் கோலோச்சியது. பரீட்சையில் வரக்கூடிய தலைப்புக்களை முன்னரே ஊகித்து, செல்வர் தம் மக்களுக்குப் பிறரைக்கொண்டு கட்டுரை எழுதுவித்து உருவேற்றச் செய்ததையும், மூலநூல்கள் படிப்பாரற்றுப் போனதையும் கண்டு, கூ யென்வூ (1613–1682) என்னும் பேரறிஞர் மனம் வெதும்பி எழுதினார். நூல்களை எரித்ததனால் விளைந்த கேட்டிற்கு இது குறைந்ததன்று என்பது அவர் கொண்ட முடிவு. அவருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் முன் வாழ்ந்த சூ ஷீ (1130–1200) என்னும் ஆசிரியரோ, சிறிதளவு எடுத்துக்கொண்டு பன்முறை ஓதி, மனத்தைத் தாழ்த்தி, தன் கருத்தை நூலின்மேல் ஏற்றாது, நூலின் கருத்தைத் தான் ஏற்குமாறு படித்தல் வேண்டும் என்று மாணாக்கர்க்கு நெறி வகுத்தார். அவருடைய உரைகளே பின்னாளிற் பரீட்சைப் பாடமாகி, மாணாக்கர் அவற்றையும் வெறும் உருவேற்றும் பொருளாக்கினர் என்பது வரலாற்றின் நகைப்பு! நோயும் பழையது, மருந்தும் பழையது. இன்று பாடம் மட்டுமே ஆங்கிலமாயிற்று.

பரீட்சையை நடத்துவோரும் இதனை உணராமல் இல்லை. முன்னர்க் கூறிய ஐந்தாவது பத்தியை எண்ணுக. நீக்கிய வாக்கியத்தை நிரப்புதற்குச் சொல் வேட்டை உதவாது. முன்வரிக்கும் பின்வரிக்கும் உள்ள உறவை அறிந்தவனே அதனைச் செய்வான். 2016-ஆம் ஆண்டில் ஜெஜியாங் மாகாணத்துப் பரீட்சையிற் புதியதொரு பகுதி சேர்ந்தது: முடிவு பெறாத ஒரு கதையைத் தந்து, இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் கொடுத்து, மீதியை மாணாக்கனே எழுதி முடிக்குமாறு பணித்தனர். பின்னர் அது பல மாகாணங்களுக்குப் பரவி, 25 மதிப்பெண்ணுக்கு உரியதாயிற்று. கதைமாந்தரின் இயல்பையும் ஆசிரியனின் நடையையும் உணராது அதனை எழுதவியலாது. தைவானிலும் 2022 முதற் கலாசாலைப் புகுமுகத் தேர்வின் ஆங்கிலத் தாளில், நான்கில் ஒன்றைத் தேர்தலோடு நில்லாது, பத்தியினின்றும் விடையைத் தானே எழுதும் வினாக்களும் கலந்து வருகின்றன. வினாத்தாள் வாசிப்பை நோக்கி நகர்கின்றது. பயிற்சியோ பல இடங்களில் நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இக்கருத்திற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நேர்மையுடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலம் குறைவு, பரீட்சையில் விரைவே துணை என்பது ஒன்று. உண்மையே, ஆயினும் விரைவு என்பது தெளிவின் பயன். வீணை பயில்வான் முதலில் விளம்பகாலத்திற் பயின்றே துரிதகாலத்தை அடைகின்றான். வாக்கியத்தின் எலும்புக்கூட்டைக் காணப் பழகிய கண், தானே விரைந்து செல்லும். ஐம்பது மாணாக்கர் நிறைந்த வகுப்பில் ஒவ்வொருவர் வாசிப்பையும் ஆசிரியர் எவ்வாறு நோக்குவார் என்பது மற்றொன்று. நூல்நிலையமும் தனியாசிரியரும் இல்லாத சிற்றூர் மாணாக்கனுக்கு வினாத்தாள் ஒன்றே மலிவான துணை, அதனையும் பறிக்கலாமா என்பது மூன்றாவது; இதுவே வலிமை மிக்கது. வினாத்தாளைப் பறிக்க வேண்டும் என்று யாம் கூறவில்லை. அதே தாளை, அதே பத்தியை, வேறு முறையிற் கையாளவேண்டும் என்பதே எமது வேண்டுகோள். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஐந்து பத்திகளைத் துலக்கும் பொழுதில் ஒன்றைப் படித்தால் போதும்.

அம்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில், வினாக்களை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பத்தியை முழுதும் படித்தல். படித்தபின் ஆசிரியன் கூறியதென்ன என்பதைத் தாய்மொழியில் ஒரே வாக்கியமாக எழுதுதல். அவ்வொரு வாக்கியம் எழுத வாராதவன் இன்னும் படிக்கவில்லை என்று பொருள். அடுத்து, பத்தியில் மிக நீண்ட வாக்கியத்தை எடுத்து, எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிட்டு, இடையில் நிற்கும் அடைகளைச் சீன முறைப்படி பெயருக்கு முன்னே கொணர்ந்து எழுதிப் பார்த்தல். மூன்றாவது, 'பட்', 'ஹவெவர்', 'எட்' போன்ற திருப்பச் சொற்களை வட்டமிட்டு, அவற்றின் முன்னும் பின்னும் கருத்து எவ்வாறு மாறுகின்றது எனக் கூறுதல். நான்காவது, மாணாக்கர் இருவர் இருவராகச் சேர்ந்து தாமே ஒரு வினாவும் நான்கு விடைகளும் அமைத்தல். உண்மைபோல் தோன்றும் பொய்விடையைத் தானே புனைந்தவன் பிறர் புனைந்த பொய்யில் எளிதிற் சிக்கான். இதன் பின்னரே அச்சிட்ட வினாக்களைத் திறத்தல் வேண்டும். கொண்ட விடைக்குச் சாட்சியான வரியையும், தள்ளிய விடைகளைத் தள்ளியதற்குக் காரணத்தையும் ஒவ்வொருவரும் கூறுதல் வேண்டும். இருவர் இருவராக இது நடைபெறின், ஐம்பது பேர் வகுப்பும் ஆசிரியருக்குச் சுமையாகாது.

சீனப் பள்ளிகளிற் காலை வேளையில் மாணாக்கர் யாவரும் உரக்க ஓதும் நல்வழக்கம் ஒன்றுண்டு. அப்பொழுதில் தனித்தனிச் சொற்களின் பட்டியலை ஓதுவதினும், முதல்நாள் பொருளுணர்ந்து படித்த பத்தியையே ஓதுவது நன்று; சொற்கள் தத்தம் இடத்தில் நின்று காதிற் படியும். வாரத்தில் ஒரு மணி நேரமேனும் வினாவே இல்லாத வாசிப்பும் வேண்டும். மாணாக்கனின் திறத்திற்குச் சற்று எளிதாகவுள்ள கதைநூல் ஒன்றை அவன் தன் விருப்பிற்குப் படிக்கட்டும். அதன்மேல் எவரும் அவனை வினவாதிருக்கட்டும்.

இஃது ஒரு பரீட்சைத் தாளைப் பற்றிய செய்தி மாத்திரமன்று. சென்ற நூற்றாண்டின் வாயிலில் ஃபூஜோ நகரத்தார் இருவர் மேனாட்டு நூல்களைச் சீனத்திற்குக் கொணர்ந்தனர். ஒருவர் லின் ஷூ (1852–1924). அயன்மொழி ஒன்றும் அறியாத அவர், பிறர் வாய்மொழியாகச் சொல்லக் கேட்டு, ஏறத்தாழ 180 நூல்களை இனிய பழநடையில் எழுதினார். பல்லாயிரவர் அவற்றை விரும்பிப் படித்தனர். எனினும் சொல்லுவோர் தேர்ந்த நூலே அவர் தேர்ந்த நூல். சொல்லுவோர் பிழையே அவர் பிழை. மற்றவர் யென் ஃபூ (1854–1921). கப்பற்றளப் பள்ளியில் ஆங்கிலம் கற்று, 1877-இல் இங்கிலாந்து சென்று பயின்ற அவர், ஹக்ஸ்லியின் நூலைத் தம் கண்ணாற் படித்து, 1898-இற் சீனத்தில் வெளியிட்டார். தமக்கு உடன்பாடில்லாத இடங்களில் ஆசிரியனோடு வாதிட்டுத் தம் கருத்தையும் உடனெழுதினார். லின் ஷூவின் பெருமை குறைந்ததன்று. ஆயினும் வாதிடும் உரிமை தானே படித்தவனுக்கன்றோ உண்டு?

இன்று கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்புப் பொறி எவ்வாங்கிலப் பத்தியையும் நொடியிற் சீனமாக்கித் தருகின்றது. ஒவ்வொரு மாணாக்கனும் லின் ஷூவைப்போல், சொல்லக் கேட்டு அறியும் வசதி பெற்றுவிட்டான். அப்படியாயின் வாசிப்புப் பயிற்சி வீணா? அன்று. பொறி கூறியது சரியா என்று நோக்கவும், ஆசிரியன் கூறியது மெய்யா என்று எண்ணவும் வல்லவனாதற்கே இனி அப்பயிற்சி வேண்டும். நான்கில் ஒன்றைக் குறிக்க மட்டும் பயின்றவனுக்குப் பொறி போட்டியாகும். படிக்கப் பயின்றவனுக்கு அது பணியாளாகும்.

ஆதலின் சீன நாட்டு ஆசிரியர்களிடம் வேண்டத்தக்கது ஒன்றே: வினாத்தாளை மாணாக்கன் கையில் தருமுன், சிறிது நேரம் வாசகத்தை மட்டும் அவனுக்குத் தருக. அதனை எழுதியவன் ஒருவன் இருந்தான். அவனுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அதனைக் கேட்டறிந்த மாணாக்கன் வினாக்களுக்கும் விடை கூறுவான். பரீட்சை முடிந்த பின்னும் நூல்களைக் கைவிடான்.